சைக்ளோ-கிராஸ்: சகதியில் ஒரு சாகசம்

மழை, குளிர், கணுக்கால் புதையும் சேறு. சைக்கிளை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, தோளில் தூக்கிக்கொண்டு ஓடவும் தெரிய வேண்டும். ஐரோப்பாவின் இந்தக் குளிர்கால விளையாட்டில் பலசாலியைக்கூடத் தரையில் இறக்கி நடக்க வைக்கிறது சகதி.

2018 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை. நெதர்லாந்தின் தென்கோடியில் இருக்கும் சிற்றூர் ஃபால்கன்பர்க். ஊரை ஒட்டிய கௌபர்க் குன்றின் சரிவுகளில் சைக்ளோ-கிராஸ் உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டி. குளிர்கால ஈரத்தில் ஊறிப்போயிருந்த புல்வெளி, முதல் நாள் போட்டிகளில் நூற்றுக்கணக்கான சக்கரங்களால் உழப்பட்டு, நாற்று நடுவதற்குத் தயாரான வயல் போலக் கிடந்தது.

பட்டம் யாருக்கு என்பதில் உள்ளூர் ரசிகர்களுக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் நாட்டு வீரர் மாத்யூ வான் டெர் பூல் அந்தப் பருவத்தில் ஐரோப்பிய சாம்பியன் ஆகியிருந்தார். உலகக் கோப்பைத் தொடரையும் வென்றிருந்தார். பரம்பரையும் சாதாரணமானதல்ல. தந்தை ஆட்ரி 1996இன் உலக சைக்ளோ-கிராஸ் சாம்பியன். தாய்வழித் தாத்தா ரேமோன் பூலிடோர், பிரான்ஸ் நாடே கொண்டாடிய சைக்கிள் வீரர்.

ஆனால் அன்று வென்றது அவரது பரம வைரியான பெல்ஜிய வீரர் வௌட் வான் ஆர்ட். அதுவும் நூலிழையில் அல்ல. இரண்டாவதாக வந்த இன்னொரு பெல்ஜியரான மைக்கேல் வான்தோரன்ஹௌட்டுக்கும் அவருக்கும் இடையே 2 நிமிடத்துக்கும் மேல் இடைவெளி. சில வினாடிகளில் முடிவாகும் பந்தயத்தில் இது ஒரு யுகம். வான் டெர் பூலுக்கு மூன்றாவது இடம்தான். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் முடியும் போட்டி அன்று அதையும் தாண்டி நீண்டது. வான் ஆர்ட்டுக்கு அது தொடர்ந்து மூன்றாவது உலகப் பட்டம். அப்போது அவருக்கு வயது 23.

பருவம் முழுவதும் ஜெயித்துக்கொண்டிருந்தவர் ஒரே நாளில் பலவீனமாகிவிடவில்லை. அன்று கேட்கப்பட்ட கேள்வி வேறு. உலர்ந்த தரையில், கால்களில் யாருக்குப் பலம் அதிகம் என்று கேட்கிறது சைக்ளோ-கிராஸ். சேற்றில், அந்தப் பலத்தை யார் குறைவாக வீணாக்குகிறார் என்று கேட்கிறது.

பாதையே எதிரி

விளையாட்டின் அமைப்பு எளிமையானது. 2.5 முதல் 3.5 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வட்டப் பாதை. புல்வெளி, காட்டு வழி, மணல், செங்குத்தான மேடு, படிக்கட்டு எல்லாம் அதில் உண்டு. குறுக்கே 40 சென்டிமீட்டர் உயரம் வரை மரப்பலகைகள் நிறுத்தப்பட்டிருக்கும். ஆண்களுக்குச் சுமார் ஒரு மணி நேரம், பெண்களுக்குச் சுமார் 50 நிமிடம். இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு இல்லை. முதல் சில சுற்றுகளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, மொத்தம் எத்தனை சுற்று என்று நடுவர்கள் தீர்மானிப்பார்கள். சேறு அதிகமானால் சுற்றுகள் குறையும். வேதனை குறையாது.

சைக்கிள் பார்வைக்குச் சாலைப் பந்தய சைக்கிள் போலவே இருக்கும். அதே வளைந்த ஹேண்டில்பார். டயரில்தான் வித்தியாசம். உலக சைக்கிள் சம்மேளனத்தின் விதிப்படி டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பால்காரர் ஓட்டும் நம்மூர் சைக்கிளின் டயரே அதைவிட அகலம். அந்தக் குறுகிய டயரை வைத்துக்கொண்டுதான் சேற்றில் இறங்க வேண்டும்.

பாதையில் குறைந்தது 90 சதவீதம் சைக்கிளை ஓட்டிச் செல்லும்படி இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. மழை அந்த விதியைப் படித்ததில்லை. காலையில் ஓட்டிக்கொண்டே ஏறிய மேட்டில் மதியம் இறங்கி ஓட வேண்டியிருக்கும். ஜூனியர்கள், பெண்கள், ஆண்கள் என்று ஒரே பாதையில் அடுத்தடுத்துப் போட்டிகள் நடக்க நடக்க, பாதை தன் முகத்தை மாற்றிக்கொண்டே போகும். அதனால் போட்டி நாள் காலையில் பாதையை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால் கதை முடிந்துவிடாது. கடைசி நிமிடம் வரை வீரரின் ஆட்கள் வேலியோரம் நின்று, மற்றவர்கள் எங்கே வழுக்குகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

சேற்றிலும் ரகங்கள் உண்டு. மழை கொட்டிக்கொண்டே இருந்தால் சேறு கஞ்சி போல நீர்த்துவிடும். சக்கரம் அதைக் கிழித்துக்கொண்டு போகும், ஒட்டியதையும் மழையே கழுவிவிடும். மழை விட்டு, காற்று அடித்து, ஈரம் பாதி வற்றியதும்தான் வினை. அப்போது சேறு பிசைந்த மாவு போல இறுகும். புல்லையும் சருகையும் சேர்த்துக்கொண்டு சக்கரம், செயின், பிரேக் என்று எல்லா இடுக்கிலும் அப்பிக்கொள்ளும். சுமார் 8 கிலோ எடையுள்ள சைக்கிள் ஒரே சுற்றில் பல கிலோ கூடிவிடும். பல்சக்கரத்தில் புல் சுற்றிக்கொண்ட நேரத்தில் பெடலை ஓங்கி மிதித்தால் பின்சக்கரத்தின் கியர் மாற்றும் கருவி ஒடிந்து தொங்கும். முதலிடத்தில் போகிறவரானாலும் அதன் பிறகு சைக்கிளைச் சுமந்துகொண்டு ஓட வேண்டியதுதான்.

இறங்கத் தெரிந்தவர்

சேற்றுப் பந்தயத்தின் முதல் பாடம் காற்று. பெட்ரோல் பங்கில் கார் டயருக்கு 30 பவுண்டு காற்று அடிப்பது சகஜம். சேற்றில் இறங்கும் சைக்ளோ-கிராஸ் டயரில் 20 பவுண்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். காற்று குறைந்தால் டயர் தரையில் படர்ந்து பிடிப்பு கிடைக்கும். அதிகமாகக் குறைந்தால் கல்லில் மோதி ரிம் அடிபடும். வளைவில் டயர் பக்கவாட்டில் மடங்கும். ஒரு பவுண்டு கூடவா, குறைவா என்று தீர்மானிக்கத்தான் காலையில் அத்தனை ஓட்டம்.

இரண்டாவது பாடம் இறங்குவது. கூட்டத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது நடனம் போலத் தெரியும். வேகம் குறையாமலே வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றி இடது பக்கம் கொண்டுவந்து, கால் தரையில் பட்டதுமே ஓட்டம். அடுத்த கணம் சைக்கிள் தோளுக்கு ஏறும். வலது கை பாருக்கு அடியில் நுழைந்து ஹேண்டில்பாரின் இடது முனையைப் பிடித்துக்கொள்ளும். இடது கை ஓடுவதற்காக வீசிக்கொள்ள. மேட்டின் உச்சியில் சைக்கிளைக் கீழே வைத்து, ஓடுகிற வேகத்திலேயே தாவி, தொடையின் உட்பக்கத்தால் சீட்டில் விழ வேண்டும். குதித்து ஏறுகிறவர்கள் கற்றுக்கொள்ளும் நாட்களில் படும் அடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எப்போது இறங்குவது என்பதுதான் உண்மையான வித்தை. சேற்று மேட்டில் சைக்கிள் முற்றிலும் நின்றுபோன பிறகு இறங்குகிறவர், நின்ற இடத்திலிருந்து ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். நான்கு அடி முன்பே இறங்கியவர் வந்த வேகத்திலேயே ஓடி அவரைக் கடந்துவிடுவார். முரட்டுப் பிடிவாதத்தோடு பெடலை மிதித்துக்கொண்டிருப்பவரைவிட, ‘இதற்கு மேல் போகாது’ என்று முன்கூட்டியே உணர்கிறவருக்குச் சேறு சலுகை காட்டுகிறது. நடக்கும் வேகத்தில் இருவர் போய்க்கொண்டிருக்கும்போது, யாருக்கு மூச்சு மிச்சம் இருக்கிறது என்பதே கணக்கு.

மூன்றாவது, தடம். ஈர மண்ணில் மாட்டுவண்டி பதித்த தடத்தில் சைக்கிள் சக்கரம் மாட்டிக்கொண்ட அனுபவம் கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் இருக்கும். ஹேண்டில்பாரைத் திருப்ப முயன்றால் விழுவது நிச்சயம். சைக்ளோ-கிராஸ் பாதையின் வளைவுகள் முழுக்க அப்படிப்பட்ட தடங்கள்தான். நல்ல வீரர்கள் தடத்துக்குள் சக்கரத்தை விட்டுவிட்டு, கண்களைத் தடம் முடியும் இடத்தில் பதித்து, பிரேக்கைத் தொடாமல் போவார்கள். பயந்து பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும். பக்கவாட்டில் சரிந்த புல்தரையில், ஒரு காலைப் பெடலிலிருந்து விடுவித்து மேட்டுப் பக்கம் ஊன்றிக்கொண்டே தவழ்ந்து போகிறவர்களும் உண்டு. பார்க்க அழகில்லை. ஆனால் விழுவதைவிட வேகம்.

இவ்வளவும் எப்படிப்பட்ட உடம்போடு? தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குச் சற்று மேலே. நனைந்த உடை. விரல்கள் விறைத்துப்போய் பிரேக் எது, கியர் எது என்றே உணர்வில்லாமல் போகும். புறப்படுவதற்கு முன் கால்களில் சூடேற்றும் தைலம் தேய்த்துக்கொள்வது பழைய வழக்கம். கண்ணாடி அணிந்தால் சேறு மறைக்கும், கழற்றினால் சேறு கண்ணில் அடிக்கும். இதயம் ஒரு மணி நேரமும் உச்சத்துக்குப் பக்கத்தில் துடித்துக்கொண்டிருக்கும். சாலைப் பந்தயத்தில் இறக்கத்தில் பெடல் மிதிக்காமல் ஓய்வெடுக்கலாம். சேற்றில் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும். குடிக்கத் தண்ணீர் பாட்டில்கூடக் கிடையாது. தோளில் தூக்கும்போது இடிக்கும் என்பதால் அதற்கான தாங்கியே சைக்கிளில் இருக்காது.

கழுவுகிறவர்களின் பந்தயம்

சேறு எல்லோரையும் சமமாக்குகிறது என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. மீதி உண்மையைப் பார்க்க வேண்டுமானால் பந்தயப் பாதையை விட்டு, சைக்கிள் மாற்றும் இடத்துக்குப் போக வேண்டும்.

சைக்ளோ-கிராஸில் வீரர் தன் சைக்கிளை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும். பெரிய போட்டிகளில் ஒரு சுற்றில் இரண்டு முறை அந்த இடத்தைக் கடக்கும்படி பாதை வகுக்கப்பட்டிருக்கும். நல்ல சேறு இருக்கும் நாளில் முன்னணி வீரர்கள் இரண்டு முறையும் மாற்றுவார்கள். அழுக்கு சைக்கிளிலிருந்து குதித்து அதை அப்படியே ஓட விட, ஒருவர் பிடித்துக்கொள்வார். சில அடி தள்ளி இன்னொருவர் நீட்டும் சுத்தமான சைக்கிளில் தாவி ஏறுவார் வீரர். எல்லாம் சில வினாடிகள்.

அதன் பிறகுதான் மற்றவர்களின் பந்தயம் தொடங்குகிறது. அழுக்கு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக் ஓடுவார். நம்மூரில் வண்டிகளை வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களில் இருப்பது போன்ற அழுத்தக் குழாய்கள் அங்கே இருக்கும். அங்கும் வரிசை, தள்ளுமுள்ளு. கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, வீரர் ஏறியதும் மிதிக்க வசதியான கியரில் வைத்து, தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். வீரர் அரைச் சுற்றை முடித்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இருப்பது ஒருசில நிமிடங்கள். மெக்கானிக் தாமதித்தால், வீரர் பல கிலோ சேற்றைச் சுமந்துகொண்டே இன்னும் அரைச் சுற்று போவார். அங்கே போகும் வினாடிகளை எந்தக் காலாலும் மீட்க முடியாது.

பெரிய அணியின் நட்சத்திரத்துக்கு மூன்று நான்கு சைக்கிள்கள், சம்பளம் வாங்கும் மெக்கானிக்குகள், வெவ்வேறு சேற்றுக்கு வெவ்வேறு டயர்கள். வார இறுதியில் போட்டியிடும் உள்ளூர் வீரருக்கு அப்பாவும் தம்பியும் ஒரு வாளித் தண்ணீரும். பலருக்கு ஒரே சைக்கிள். அவர்களுக்குச் சேற்றுப் பந்தயம் என்பது, ஒரு மாதச் சேமிப்பை விழுங்கக்கூடிய உதிரிபாகங்களைப் பணயம் வைப்பது. அரைப் போட்டியில் கியர் ஒடிந்தால் அந்த வாரத்தோடு கதை முடிந்தது. இன்னொரு விதியும் உண்டு. முதல்வரைவிட மிகவும் பின்தங்கினால் நடுவர் பாதையிலிருந்து இறக்கிவிடுவார். அதனால் கடைசி வரிசையில் இருப்பவர் பரிசுக்காக ஓட்டுவதில்லை. கடைசிச் சுற்று வரை பாதையில் இருப்பதற்காகவே ஓட்டுகிறார்.

தேவாலய கோபுரத்திலிருந்து

இந்த விளையாட்டு பிறந்த கதை பலவிதமாகச் சொல்லப்படுகிறது. அதிகம் சொல்லப்படுவது இது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குளிர்காலத்தில் உடம்பு சூடு ஆறாமல் இருக்க, சாலைப் பந்தய வீரர்கள் ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்தின் தேவாலய கோபுரத்தைக் குறிவைத்து வயல், வேலி என்று பாராமல் குறுக்கே புகுந்து போட்டியிட்டார்கள். பிரான்சில் 1902இல் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1910இல் டூர் டி பிரான்ஸை வென்ற ஒக்தாவ் லாபீஸ், குளிர்காலத்தில் செய்த இந்தப் பயிற்சியும் தன் வெற்றிக்குக் காரணம் என்று சொன்னதாகச் சொல்வார்கள். 1950இல் பாரிசில் முதல் உலக சாம்பியன் போட்டி. வென்றவர் ழான் ரோபிக், 1947இன் டூர் சாம்பியன். பெண்களுக்கு உலகப் பட்டம் வர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாமதமாக வந்தாலும் அதில் உருவான சாதனை பெரிது. நெதர்லாந்தின் மரியான் வோஸ் 2006 முதல் 2022 வரை 8 முறை சாம்பியன் ஆனார்.

பிரான்சில் பிறந்த குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தது பெல்ஜியம். குறிப்பாக டச்சு மொழி பேசும் ஃபிளாண்டர்ஸ் பகுதி. நம்மூரில் கிரிக்கெட் எப்படியோ அப்படி அங்கே குளிர்கால ஞாயிறுகளில் சைக்ளோ-கிராஸ். சாலைப் பந்தயத்தைத் தெருவோரம் நின்று இலவசமாகப் பார்க்கலாம். இதற்குக் காசு கொடுத்து உள்ளே போக வேண்டும். போகிறார்கள், ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, குடும்பத்தோடு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் கிட்டத்தட்ட நாள்தோறும் எங்காவது ஒரு போட்டி. பெல்ஜியத்தின் கடலோர ஊரான கோக்சைடேவில் 2012இல் நடந்த ஆண்களுக்கான உலகப் போட்டியில் முதல் 7 இடங்களையும் பெல்ஜியர்களே பிடித்தார்கள்.

வெள்ளம் வந்தது

வானிலை பந்தயத்தை மட்டுமல்ல, பந்தய அட்டவணையையே மாற்றியதும் உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியே முதல் முறையாக உலகப் போட்டி 2013இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் நடந்தது. பிப்ரவரி 2, 3 என்று இரண்டு நாள் நிகழ்ச்சி. பாதை ஓஹையோ ஆற்றை ஒட்டிய பூங்காவில். ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது, ஞாயிறன்று பாதை மூழ்கும் என்று எச்சரிக்கை வந்ததும், நான்கு பட்டங்களுக்கான போட்டிகளையும் சனிக்கிழமையே முடித்துவிடத் தீர்மானித்தார்கள். ஞாயிறுக்காகத் தயாராகிக்கொண்டிருந்த வீரர்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே பரீட்சை.

பனியும் உறைந்த மண்ணும் சேறும் கலந்த அந்தப் பாதையில் பெல்ஜியத்தின் ஸ்வென் நைஸ், சக நாட்டவர் கிளாஸ் வான்டோர்னௌட்டைக் கடைசிச் சுற்றில் உதறிவிட்டு வென்றார். அவருக்கு வயது 36. முதல் உலகப் பட்டத்துக்குப் பிறகு 8 வருடக் காத்திருப்பு. அதே நாளில் ஜூனியர் பட்டத்தை வென்ற 18 வயது இளைஞர்தான் மாத்யூ வான் டெர் பூல்.

ஃபால்கன்பர்க் தோல்வி அவரை முடக்கிவிடவில்லை. 2025இல் பிரான்சின் லியேவன் நகரில் தன் ஏழாவது உலகப் பட்டத்தை வென்று, பெல்ஜியத்தின் எரிக் டி விளாமிங்க் பல காலம் தனியாக வைத்திருந்த சாதனையை எட்டினார். அவரை வென்ற வான் ஆர்ட், ஃபால்கன்பர்க் முடிந்து ஒரே மாதத்தில் இத்தாலியில் ‘ஸ்த்ராதே பியாங்கே’ என்ற மண்சாலைப் பந்தயத்தில் கலந்துகொண்டார். அன்றும் மழை, சேறு. முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் சியன்னா நகரின் செங்குத்தான தெருவில் தசை பிடித்துக்கொண்டு சைக்கிளோடு சாய்ந்தார். எழுந்து, ஏறி, மூன்றாவதாக வந்தார். சகதியில் படித்தவர்கள் சாலைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதைச் சாலைப் பந்தய உலகம் அன்று பார்த்தது.

அதுவே இந்த விளையாட்டின் தலைவலியாகவும் ஆனது. வான் ஆர்ட்டும் வான் டெர் பூலும் சாலையில் பெரிய நட்சத்திரங்களாக, குளிர்காலத்தில் அவர்கள் சகதியில் இறங்கும் நாட்கள் சுருங்கின. அவர்கள் வரும் நாளில் கூட்டம் அலைமோதும். வராத நாளில் அமைப்பாளர்கள் கல்லாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

பனியா, சேறா?

இன்னொரு கேள்வி இன்னும் பெரியது. சைக்ளோ-கிராஸுக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை. நடப்பது குளிர்காலத்தில். எனவே, பிரெஞ்சு ஆல்ப்ஸுக்கு ஒதுக்கப்பட்ட 2030 குளிர்கால ஒலிம்பிக்கில் இதைச் சேர்க்க வேண்டும் என்று உலக சைக்கிள் சம்மேளனத்தின் தலைவர் டேவிட் லாபார்ட்டியன் குரல் கொடுத்தார். தடையாக நின்றது ஒலிம்பிக் சாசனத்தின் ஒரு வரி. பனியிலோ பனிக்கட்டியிலோ ஆடப்படுவது மட்டுமே குளிர்கால விளையாட்டு என்கிறது அது.

அதற்கு விடையாகத்தான் 2021 டிசம்பரில் இத்தாலியின் வால் டி சோலே பள்ளத்தாக்கில் பனி மூடிய பாதையில் ஓர் உலகக் கோப்பைப் போட்டி நடத்தப்பட்டது. ஆண்களில் வென்றவர் வான் ஆர்ட். பெண்களில் நெதர்லாந்தின் 19 வயது ஃபெம் வான் எம்பெல். வெள்ளைப் பின்னணியில், வண்ண உடைகளில் வீரர்கள் சறுக்கிச் சென்ற காட்சி தொலைக்காட்சிக்கு அழகாகவே இருந்தது. உடைகள் அழுக்காகவில்லை. முதலில் வருபவர் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்ல முடிந்தது.

ஃபிளாண்டர்ஸின் ரப்பர் பூட்ஸ் ரசிகர்களுக்கு உறுத்துவது அதுதான். ஒலிம்பிக் பதக்கம் வந்தால் பணம் வரும், புதிய நாடுகள் வரும். பெல்ஜியமும் நெதர்லாந்தும் மட்டுமே மாறி மாறி ஜெயிக்கும் விளையாட்டு என்ற பெயரும் மாறலாம். ஆனால் அதற்கு விலையாகச் சேற்றைக் கொடுக்க வேண்டுமென்றால், எதை வைத்து ஃபால்கன்பர்க்கில் பலசாலி தோற்றாரோ அதையே கொடுப்பதாகிவிடும்.